இன்டர்கூலர் லைனில் ஏர் எடுப்பது: மூன்று லிட்டரோடு நின்றுவிட்ட தண்ணீர்

கேள்வி, 9 மே 2025

அண்ணே, திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். பழைய டர்போ டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். கம்பெனியிலிருந்து இன்டர்கூலர் (டர்போ அமுக்கி அனுப்பும் சூடான காற்றைக் குளிரவைக்கும் பெட்டி) இல்லாமல் வந்த வண்டி. முன்னால் இடம் இல்லாததால் தண்ணீரில் குளிரும் இன்டர்கூலர் வாங்கி மாட்டினோம். தனி ரேடியேட்டர், தனி எலக்ட்ரிக் பம்ப், தனி டேங்க். எஞ்சின் கூலண்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கூலண்ட் ஊற்றினால் 2.8 லிட்டரில் டேங்க் வாய்வரை நிரம்பிவிட்டது. பம்பைப் போட்டால் சரளைக் கல் அரைப்பதுபோல் சத்தம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் டேங்க் பாதி காலி, கீழே ஒரு சொட்டு ஒழுகல் இல்லை. இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் காற்றுக் குழாயில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. பம்ப் கெட்டதா, இன்டர்கூலர் சரியில்லையா?

10 மே 2025

தம்பி, முதலில் பம்பை நிறுத்துங்கள். இந்தச் சின்ன பம்புகளில் பலவற்றின் தண்டுக்கு உயவு கொடுப்பதே உள்ளே ஓடும் கூலண்ட்தான். வெறுமையாக ஓடவிட்டால் நல்ல பம்பும் கெட்டுப்போகும்.

பம்ப் கெடவில்லை என்றுதான் நினைக்கிறேன். உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் வடிமுனைக் குழாயில் ஆயில் எஞ்சின் வைத்து இறைத்தவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்பாமல் எஞ்சினைச் சுற்றிவிட்டால் இம்பெல்லர் (உள்ளே சுழலும் சக்கரம்) காற்றைத்தான் கடையும். அப்பா ஒரு குடம் தண்ணீரைச் சிறுகச் சிறுக ஊற்றுவார். மேல் திருகு வழியாகக் குமிழ் வருவது நின்று தெளிந்த தண்ணீர் வழிந்த பிறகுதான் மூடுவார். உங்கள் கையில் இருப்பதும் அதே வகைப் பம்ப். தண்ணீரை வீசித் தள்ளத் தெரியும், காற்றை இழுக்கத் தெரியாது.

செய்ய வேண்டியது இது. வண்டியின் முன்பக்கத்தைத் தூக்குங்கள். எங்கள் பக்கம் எல்லாம் சமதரை. மேடு என்றால் ஆற்றுக்கரைக்கு ஏறும் பாதைதான். மன்னார்குடி பக்கம் பாமணி ஆற்றுக் கரையில் ஏறும் சரிவில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்துவிட்டுத்தான் நான் செய்தேன். லைனில் எது உயரமான இடமோ அங்கே இருக்கும் ஏர் ஸ்க்ரூவை (காற்றை வெளியேற்றும் திருகு) திறந்துவிடுங்கள். டேங்கில் மெல்ல ஊற்றுங்கள். ஒரு லிட்டருக்கு மூன்று நான்கு நிமிடமாவது ஆகட்டும். ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். ஸ்க்ரூ வழியாகக் குமிழ் இல்லாமல் கூலண்ட் வந்ததும் மூடுங்கள். அப்புறம் பம்பை 5 விநாடி போட்டு 30 விநாடி நிறுத்துங்கள். இதைப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். நிறுத்தியிருக்கும் நேரத்தில்தான் சிதறிக் கிடக்கும் குமிழ்கள் ஒன்று சேர்ந்து மேலே ஏறும். விடாமல் ஓட்டினால் நுரையாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

டேங்கில் குமிழ் நிற்கும் வரை விடாதீர்கள்.

10 மே, இரவு

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். 35 டிகிரி வெயிலில் உள்ளே வரும் காற்றை டர்போ ஒரு பார் அளவுக்கு அமுக்கினால் அது ஏறத்தாழ 130 டிகிரிக்குப் போய்விடும். அதை 60 டிகிரிக்கு இறக்கினால் அதே அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று சிலிண்டருக்குள் போகும். நீங்கள் காசு கொடுத்தது அந்த ஐந்தில் ஒரு பங்குக்குத்தான். இன்டர்கூலருக்குள் காற்று தங்கிய இடத்தில் தகடு உலர்ந்து நிற்கிறது. தண்ணீர் சூட்டைக் கடத்துவதில் காற்று இருபதில் ஒரு பங்குகூடக் கடத்தாது. பாதி இன்டர்கூலர் உலர்ந்திருந்தால் அந்தப் பாதி இல்லாத மாதிரிதான்.

11 மே 2025

நீங்கள் அனுப்பிய வண்டிப் படங்கள் பார்த்தேன். நேற்று எழுதியதில் ஒரு முக்கியமான இடத்தைத் திருத்த வேண்டும். நல்லவேளை, நீங்கள் இன்னும் தொடங்கவில்லை.

முன்பக்கத்தைத் தூக்குங்கள் என்று சொன்னேன். என் வண்டியில் டேங்க் ரேடியேட்டரை ஒட்டி முன்னால் இருக்கிறது, அதனால் அது சரி. உங்கள் டேங்க் பின்னால், கேபின் சுவரோடு இருக்கிறது. முன்பக்கத்தைத் தூக்கினால் ரேடியேட்டரின் மேல் விளிம்பு டேங்கைவிட உயரமாகிவிடும். காற்று எல்லாம் ரேடியேட்டர் தலையில் போய்க் குந்திக்கொள்ளும், வெளியே வர வழி இருக்காது. உங்களுக்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அதே ஆற்றுக்கரைச் சரிவுதான், ஆனால் கரையிலிருந்து இறங்கும் முகமாக, மூக்கு தாழ நிறுத்துங்கள். ஊற்றும் வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்க வேண்டும். எந்தப் பக்கத்தைத் தூக்குவது என்பதை வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்க்காமல் சொன்னது என் தவறு.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள். கட்டை கொடுங்கள்.

14 மே 2025

அக்னி நட்சத்திரத்தில் பகலில் பானெட்டுக்குள் தலை கொடுக்க முடியவில்லை. காலை ஆறு மணிக்கு என் வண்டியில் ஹோஸ்களை மறுபடி அளந்தேன், உங்களுக்குக் கணக்குச் சொல்வதற்காக.

எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று தெரியாமல் ஊற்றுவதுதான் முதல் கோளாறு. உள்விட்டம் 19 மில்லிமீட்டர் ஹோஸ் ஒரு மீட்டருக்கு 283 மில்லி பிடிக்கும். நீங்கள் 6.5 மீட்டர் போட்டிருக்கிறீர்கள், அதுவே 1.84 லிட்டர். ரேடியேட்டர் 1.1, இன்டர்கூலர் 0.7 என்று நீங்கள் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துச் சொன்னீர்கள். டேங்க் கோடு வரை 0.8. கூட்டினால் 4.4 லிட்டருக்கு மேல். ஊற்றியது 2.8. ஆக ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான காற்றோடு பத்து கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறீர்கள். டேங்க் பாதி காலியானது ஒழுகலால் இல்லை. ஓட்டத்தின் குலுக்கலில் கொஞ்சம் காற்று வெளியேறி, அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டது.

படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். பேட்டரிக்கு மேலே ஒரு ஹோஸ் வில்லாக வளைந்து ஏறி இறங்குகிறது. அங்கே ஏர் ஸ்க்ரூ இல்லை. அந்த வளைவின் உச்சியில் நிற்கும் காற்றை எந்தச் சரிவில் நிறுத்தினாலும் எடுக்க முடியாது. பம்ப் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளினால் அந்தக் குழாயில் தண்ணீர் விநாடிக்கு 90 சென்டிமீட்டர் வரை ஓடும். அந்த வேகத்துக்குக் குமிழ் அடித்துச் செல்லப்படும். ஆனால் காற்று அடைத்திருக்கும்போது அந்த வேகமே வராது. மெதுவான ஓட்டத்தில் குமிழ் இறங்காது, நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஹோஸை பேட்டரிக்குக் கீழே கொண்டுபோங்கள். அரை மீட்டர் கூடுதலாக வாங்கினாலும் பரவாயில்லை. பம்பிலிருந்து டேங்க் வரை எல்லாம் ஒரே ஏற்றமாக இருக்கட்டும். வயலுக்கு வாய்க்கால் வெட்டும்போது ஒரே வாட்டமாகக் கொண்டுபோகிறோம் இல்லையா, அதே வாட்டம் இங்கே காற்றுக்கு, மேல்நோக்கி. இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் தண்ணீர் கீழ் வாயில் நுழைந்து மேல் வாயில் வெளியேற வேண்டும். ஆனால் உங்கள் இன்டர்கூலரில் இரண்டு வாயும் பக்கவாட்டில் இருக்கின்றன, கீழ் வாய் மேல் வாய் என்று இல்லை. அதைப் பட்டையைத் தளர்த்தித் திருப்பி, வாய்கள் மேலே பார்க்க மாட்டுங்கள். பம்ப் கடைசிப் பள்ளத்தில் இருக்கட்டும். டேங்கிலிருந்து வரும் குழாய் பம்ப் உறிஞ்சும் வாய்க்கு நேராகப் போகட்டும்.

ஏர் எடுப்பது கூலண்ட் ஊற்றும் நாளில் செய்கிற வேலை என்றுதான் நானும் முன்பு நினைத்திருந்தேன். முக்கால்வாசி வேலை ஹோஸ் வெட்டும் நாளிலேயே முடிந்துவிடுகிறது.

18 மே 2025

வேக்குவம் வைத்து நிரப்பலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். ஏசி மெக்கானிக்கிடம் இருக்கும் வேக்குவம் பம்பே போதும். டேங்க் வாயில் ரப்பர் அடைப்பு வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, வால்வைத் திருப்பினால் வாளியில் இருக்கும் கூலண்டை லைனே இழுத்துக்கொள்ளும். நான் நேற்று வேக்குவம் கேஜ் 24 அங்குலம் (பாதரச அளவு) காட்டும் வரை இழுத்தேன், பத்து நிமிடம் முள் அசையவில்லை. அதாவது ஒழுகல் இல்லை. சரிவும் வேண்டாம், ஸ்க்ரூவும் வேண்டாம் என்று சந்தோஷமாக இருந்தது.

கவனிக்க வேண்டிய ஒன்று: மெல்லிய ஹோஸ் இருந்தால் அது சப்பையாகிவிடும். வளைவுகளில் மடிந்துகொண்டால் கூலண்ட் தாண்டிப் போகாது.

19 மே 2025

நேற்றைய சந்தோஷத்தில் கணக்குப் போடாமல் எழுதிவிட்டேன். முழு வெற்றிடம் என்பது ஏறத்தாழ 30 அங்குலம். 24 அங்குலம் இழுத்தால் ஐந்தில் நான்கு பங்கு காற்றுதான் வெளியே போயிருக்கிறது. மீதி ஒரு பங்கு உள்ளேயே. 4.4 லிட்டர் லைனில் அது 0.88 லிட்டர். அதில் ஒரு பகுதி டேங்கின் மேல்புறத்தில் போய் நிற்கும், அது பாதகம் இல்லை. மீதி எங்கே நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? 28 அங்குலம் இழுத்தால் மிச்சம் 300 மில்லிக்குள் வந்துவிடும்.

சரி, 28 இழுக்கலாம் என்று இன்று மத்தியானம் உட்கார்ந்தேன். முள் 27-க்கு மேல் ஏறவே இல்லை. பம்பை நிறுத்தினால் மெல்ல இறங்குகிறது. ஒழுகல் என்று எல்லாக் கிளிப்பையும் இறுக்கினேன், மாற்றம் இல்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது. நேற்று ஊற்றியதை வடித்தபோது ஹோஸ்களின் அடியில் கொஞ்சம் தங்கியிருந்தது. அந்த வெயிலில் பானெட்டுக்குள் 40 டிகிரிக்கு மேல். அந்த அழுத்தத்தில் 40 டிகிரித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிடும். கொதித்து வரும் ஆவியைத்தான் பம்ப் இழுத்துக்கொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு, எல்லாம் குளிர்ந்த பிறகு, அதே லைன் 28 அங்குலத்தில் அசையாமல் நின்றது.

ஆகவே வேக்குவம் போட நினைப்பவர்கள் லைனை நன்றாக வடித்து, காற்று ஊதி உலர்த்தி, குளிர்ந்த நேரத்தில் போடுங்கள். முடித்த பிறகும் 10 மே குறிப்பில் சொன்ன 5 விநாடி, 30 விநாடி வேலையைச் செய்யுங்கள். வேக்குவம் அந்த வேலையைக் குறைக்கும், அவ்வளவுதான்.

2 ஜூன் 2025

என்ன தண்ணீர் ஊற்றுவது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு.

கடலோரத்தில், வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதை அலுமினியத்துக்குள் ஊற்றவே கூடாது. குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குத்து மாதிரி துளை போடும். ஆற்றுத் தண்ணீர் இனிப்பாக இருந்தாலும் வண்டல் கலந்தது. இன்டர்கூலரின் சிறு வழிகளில் அது படிந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் வாங்குங்கள். இவ்வளவு வேலை செய்துவிட்டு அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கூலண்டை எவ்வளவு கலப்பது? நம் ஊரில் எதுவும் உறையப் போவதில்லை. எத்திலீன் கிளைக்கால் பாதிக்குப் பாதி கலந்தால் தண்ணீர் சூட்டைச் சுமக்கும் திறன் குறைகிறது. சுத்தத் தண்ணீர் கிலோவுக்கு, டிகிரிக்கு 4.2 கிலோஜூல் என்றால் பாதிக் கலவை ஏறத்தாழ 3.5 தான். ஆனால் கூலண்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்து அலுமினியத்துக்கு அவசியம். நான் மூன்றில் ஒரு பங்கு கூலண்டும் இரண்டு பங்கு தண்ணீரும் ஊற்றுகிறேன். கலந்துவைத்தே விற்கும் ரகமாக இருந்தால் அதில் மேலும் தண்ணீர் சேர்க்காதீர்கள், கேனில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பச்சை, ஆரஞ்சு, ஊதா என்ற நிறத்தை வைத்து ஒரே ரகம் என்று முடிவு செய்யாதீர்கள். நிறத்துக்கு எல்லோருக்கும் பொதுவான விதி கிடையாது.

வடித்த கூலண்டை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். அது இனிப்பாக இருக்கும், நாயும் கன்றுக்குட்டியும் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். மூடியுள்ள கேனில் பிடித்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

அப்பா காலத்தில் பம்பில் காற்று பிடித்தால் சாணியைக் கரைத்து ஊற்றுவார்கள், ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடியில் இருக்கும் வால்வு) கசிவை அது அடைத்துவிடும். அதே எண்ணத்தில் கடையில் விற்கும் ஸ்டாப் லீக் மருந்தை இந்த லைனில் ஊற்ற வேண்டாம். கசிவை அடைக்கும் முன் இன்டர்கூலரை அடைத்துவிடும்.

13 ஜூன் 2025

நேற்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். ஜூன் 12 தேதியிலேயே திறந்ததில் ஊரே சுறுசுறுப்பாக இருக்கிறது, குறுவைக்கு நாற்றங்கால் வேலை தொடங்கிவிட்டது. இனி என் குறிப்புகள் விட்டு விட்டுத்தான் வரும்.

திருத்துறைப்பூண்டித் தம்பி இரண்டாவது ரேடியேட்டர் ஒன்றைச் சேர்க்கலாமா, டி (மூன்று வாய் இணைப்பு) போட்டுப் பிரித்து இரண்டுக்கும் தண்ணீர் விடலாமா என்று கேட்கிறார். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பைப் பார்த்திருப்பீர்கள். வெண்ணாறு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரியும் இடம். அங்கே ஷட்டர் இருக்கிறது, எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்று ஏற்றி இறக்கலாம். உங்கள் டியில் ஷட்டர் இல்லை. எந்தக் கிளையில் தடை குறைவோ அங்கேதான் தண்ணீர் ஓடும். ஒரு ரேடியேட்டரில் ஒரு கைப்பிடி காற்று நின்றால் போதும், முழு ஓட்டமும் மற்றதற்குப் போய்விடும். அடைத்த ரேடியேட்டரில் ஓட்டம் இல்லாததால் அந்தக் காற்று ஒருநாளும் வெளியேறாது. பம்ப் சத்தமில்லாமல் ஓடும், டேங்கில் தண்ணீர் சுழலும், எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். தலைமடையில் பார்த்துவிட்டுக் கடைமடையும் பாய்ந்துவிட்டது என்று நினைப்பது மாதிரி.

ஒன்றன்பின் ஒன்றாக மாட்டுங்கள். பம்புக்குத் தடை கொஞ்சம் கூடும், ஆனால் ஏர் எடுக்க ஒரே பாதை. இடம் இருந்தால் பெரிய ரேடியேட்டர் ஒன்றே மேல்.

வண்டியில் மாற்றம் செய்வது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வரும் விஷயம். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

16 ஜூலை 2025

ஏர் முழுக்கப் போய்விட்டது என்பதை எப்படி உறுதி செய்வது? டேங்கில் திரும்பி வரும் தண்ணீரைப் பார்த்துச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். நான் நம்புவது இந்தச் சோதனையை.

எஞ்சின் அணைத்து, எல்லாம் குளிர்ந்திருக்கும்போது டேங்க் மூடியைத் திறந்து, தண்ணீர் மட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பம்பைப் போடுங்கள். மட்டம் அசைகிறதா பாருங்கள். தண்ணீரை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். பம்ப் ஓடும்போது லைனின் அழுத்தம் மாறுகிறது, உள்ளே காற்று இருந்தால் அது சுருங்கும் அல்லது விரியும், டேங்கின் மட்டம் அதற்கேற்ப இறங்கும் அல்லது ஏறும். பம்பை நிறுத்தினால் பழைய இடத்துக்கு வரும். ஹோஸ் உப்புவதால் ஒரு நூலளவு அசையலாம். விரல் அகலம் அசைந்தால் இன்னும் காற்று இருக்கிறது, சந்தேகமே வேண்டாம்.

இன்னொரு சோதனை கையால். இருபது நிமிடம் சுமையோடு ஓட்டிவிட்டு எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பிப் பம்பை ஓடவிட்டு, ரேடியேட்டரின் கீழிருந்து மேல் வரை தடவுங்கள். விசிறியில் கை படாமல் கவனமாக. இதமாக ஒரே சீராகச் சூடு குறைந்துகொண்டே வர வேண்டும். ஒரு பட்டை மட்டும் வெளிக்காற்றின் சூட்டில் செத்துக் கிடந்தால் அங்கே ஓட்டம் இல்லை.

மூன்றாவது, பொறுமை. மூன்று நாள் காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டம் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள். நான் முதல் நாள் 150 மில்லி, இரண்டாம் நாள் 40, மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. தினமும் விடியற்காலையில் டேங்கோடு நிற்பதைப் பார்த்து அம்மா, வாசலிலிருந்தே, "வண்டிக்குத் தண்ணீர் காட்டியாச்சா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மாட்டுக்குக் கேட்கிற அதே குரலில்.

17 ஜூலை

விட்டுப்போனது: திரும்பி வரும் குழாய் டேங்கில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே முடிய வேண்டும். மேலிருந்து அருவி மாதிரி கொட்டினால் அதுவே காற்றைக் கலந்து உள்ளே அனுப்பும். எடுத்த ஏரை நாமே திரும்ப ஊட்டுவது போல.

22 செப்டம்பர் 2025

குறுவை அறுவடை. பத்து நாளாக நெல் மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்துக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். மூட்டை 40 கிலோ, நடைக்கு முப்பது. மழை வருமுன் போட்டாக வேண்டும் என்று ஓடியதில் ஒரு மாற்றம் கண்ணில் பட்டது: இத்தனை நாளாக அசையாமல் இருந்த டேங்கில் மறுபடி குமிழ். மட்டமும் விரல் அகலம் குறைந்திருந்தது. கீழே ஈரம் இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது பம்ப் உறிஞ்சும் பக்கத்துக் கிளிப்பை. உறிஞ்சும் பக்கத்தில் கிளிப் தளர்ந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாமலே காற்று உள்ளே போகலாம். வடிமுனைக் குழாயில் மேல் இணைப்பு தளர்ந்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே தண்ணீர் விட்டுப்போகும், அதே கதை. திருகுக் கிளிப் சிலிக்கான் ஹோஸைக் கொஞ்சம் அறுத்திருந்தது. ஹோஸ் நுனியை வெட்டி, ஸ்பிரிங் கிளிப் போட்டேன். சும்மா நிறுத்திப் பம்பை ஓட்டினால் ஒரு குமிழ்கூட இல்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

மூட்டை ஏற்றி ஓட்டினால் மறுபடி வந்தது. சுமை இருந்தால் குமிழ், சுமை இல்லாவிட்டால் இல்லை.

24 செப்டம்பர் 2025

தயவுசெய்து இதை எல்லோரும் படியுங்கள். மே 10 அன்று டேங்கில் குமிழ் நிற்கும் வரை விடாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அது புதிதாக நிரப்பிய முதல் சில நாளுக்கு மட்டும் பொருந்தும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லைனில் புதிதாகக் குமிழ் வந்தால், அதுவும் வண்டி இழுக்கும்போது மட்டும் வந்தால், ஏர் எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். அந்தக் காற்று டர்போவிலிருந்து வருகிறது.

இன்டர்கூலருக்குள் ஒரு பக்கம் ஒரு பார் அழுத்தத்தில் காற்று, மறுபக்கம் அழுத்தமே இல்லாத தண்ணீர். இடையில் இருக்கும் தகட்டிலோ வெல்டிலோ மயிரிழை விரிசல் விட்டால் சுமையில் காற்று தண்ணீருக்குள் போகும். எஞ்சினை அணைத்ததும் காற்றழுத்தம் போய்விடும், அப்போது டேங்கின் தண்ணீர் அதே விரிசல் வழியாகக் காற்றுக் குழாய்க்குள் இறங்கும். இரவெல்லாம் சொட்டிச் சேர்ந்தால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அது சிலிண்டருக்குள் போகும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். மட்டம் குறைகிறது, கீழே ஒழுகல் இல்லை என்ற இரண்டும் சேர்ந்து வந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். முதலில் இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கழற்றி, உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

என்னுடையதில் ஈரம் இருந்தது. ஒரு தேக்கரண்டி அளவுதான். முப்பது மூட்டையோடு ஓடிய நாட்களை நினைத்து வயிறு கலங்கிவிட்டது.

கழற்றி, தண்ணீர் வாய் ஒன்றை அடைத்து, மற்றதில் டியூப் வால்வு பொருத்தி, நெல் ஊறவைக்கும் அண்டாவில் தண்ணீர் நிரப்பி அமிழ்த்தினேன். சைக்கிள் கடையில் டியூப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். கால் பம்பால் 20 பிஎஸ்ஐ வரை ஏற்றினேன். அதற்கு மேல் போகாதீர்கள், தண்ணீர்ப் பக்கம் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. ஒரு ஓரத்து வெல்டிலிருந்து ஊசி முனையளவு குமிழ்கள் நூல் கோத்தமாதிரி ஏறி வந்தன. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன்தான் முதலில் கண்டுபிடித்தான், எனக்குத் தெரிவதற்கு முன்பே.

தஞ்சாவூரில் ஆர்கான் வெல்டிங் செய்து வாங்கி வந்தேன். புதிதாக இன்டர்கூலர் வாங்குபவர்களுக்கு இப்போது நான் சொல்வது, பெட்டியைப் பிரித்ததும் மாட்டுவதற்கு முன் அண்டாவில் போட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலை. மே மாதம் இந்தத் தம்பியிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான். ஒழுகல் இல்லாமல் டேங்க் காலியாகிறது என்று அவர் எழுதியபோது காற்று என்று ஒரே காரணத்தை முடிவு செய்துவிட்டேன். அவர் விஷயத்தில் அது சரியாகப் போனது. விரிசலாக இருந்திருந்தால் அவர் எஞ்சின் போயிருக்கும்.

19 அக்டோபர் 2025

நாளை தீபாவளி. இரண்டு நாளாக விடாத மழை, வண்டி கொட்டகையில் நிற்கிறது.

திருத்துறைப்பூண்டித் தம்பி எழுதியிருந்தார். பேட்டரி மேல் இருந்த வளைவை எடுத்து, இன்டர்கூலர் வாய்களை மேலே திருப்பி, அண்டாவில் சோதித்து, முள்ளியாற்றுக் கரைச் சரிவில் மூக்கு தாழ நிறுத்தி ஊற்றினாராம். 4.3 லிட்டர் போனது என்கிறார். பம்ப் சத்தம் இல்லை. சாவியைத் திருப்பினால் ஓடுகிறதா என்று காது வைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறதாம். கோடு போட்டுப் பார்த்ததில் மட்டம் அசையவில்லை. மே மாதம் கை வைக்க முடியாத குழாயை இப்போது பிடித்துக்கொண்டே நிற்க முடிகிறது என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது ரேடியேட்டர் வாங்கவில்லை.

வெல்டு செய்ததை மாட்டி, நான் போன வாரம் கரையில் ஏறும் முகமாக நிறுத்தி நிரப்பினேன். என் வண்டியின் கணக்கு 4.1 லிட்டர், முதல் ஊற்றிலேயே 3.9 போனது. மறுநாள் காலை 120 மில்லி, அதற்கடுத்த நாள் 60. இன்று காலை குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன், தண்ணீர் கோட்டில் நிற்கிறது.

காற்றுக் குழாயையும் கழற்றிப் பார்த்தேன். உலர்ந்திருக்கிறது.